செட்டாப் பாக்ஸும் பழைய கம்பியும்: அனலாக் கேபிள் டிஜிட்டலாகும்போது

அனலாக் ஒளிபரப்பில் படத்தின் வெளிச்சமும் இருட்டும் அலையின் ஏற்ற இறக்கமாகவே பயணம் செய்கின்றன. நிலையத்திலிருந்து கிளம்பிய அலை வழியில் எவ்வளவு தேய்கிறதோ அவ்வளவு தேய்ந்த படம்தான் வீட்டுக்கு வரும். டிஜிட்டலில் அதே படம் எண்களாக மாற்றப்பட்டு, சுருக்கப்பட்டு, பிழை திருத்துவதற்கான உபரி எண்களோடு அனுப்பப்படுகிறது. வழியில் சில எண்கள் கெட்டாலும் வீட்டிலுள்ள செட்டாப் பெட்டி அவற்றைத் தானே சரிசெய்துகொள்ளும். சரிசெய்ய முடியாத அளவுக்குக் கெட்டால் படம் நொறுங்கும், பிறகு அடியோடு நிற்கும். அனலாக்கிலிருந்து டிஜிட்டலுக்கு மாறிய வீடுகளில் எழும் புகார்களில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறப்பவை. எனவே கம்பியையும் பெட்டியையும் தொடும் முன் இதை மனத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

1980களில் ராமநாதபுரம், தூத்துக்குடி கடலோரத்தில் இலங்கையின் ரூபவாகினியைப் பிடிக்க வீட்டு மாடிகளில் நீண்ட இரும்புக் குழாய் நட்டு, உச்சியில் ஆன்டெனாவும் பூஸ்டரும் கட்டியிருப்பார்கள். மாடியில் ஒருவர் குழாயைத் திருப்புவார். கீழே ஒருவர் டிவியைப் பார்த்தபடி ஜன்னல் வழியாக, “இன்னும் கொஞ்சம்… இன்னும் கொஞ்சம்… நில்லு” என்று குரல் கொடுப்பார். புள்ளிகள் குறைந்து, நிழல் விலகி, முகம் மெல்லத் தெளிந்துவரும். கண்ணே அளவுகருவியாக இருந்தது. கேபிள் வந்த பிறகும் இதே கண்தான் வேலை செய்தது: புள்ளி அடித்தால் சிக்னல் குறைவு, நிழல் விழுந்தால் இணைப்பில் கோளாறு, கோடு ஓடினால் எங்கோ மின்சாரம் கலக்கிறது என்று கேபிள்காரர் டிவியைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

டிஜிட்டலில் கண் இந்த வேலைக்கு உதவாது. அனலாக் படம் சுத்தமாகத் தெரிய, சிக்னல் இரைச்சலைவிட ஏறத்தாழ 44 டெசிபல் உயர்ந்து நிற்க வேண்டும். இந்தியக் கேபிளில் வழக்கமாகப் பயன்படும் 64 க்யூஏஎம் என்ற டிஜிட்டல் முறைக்கு ஏறத்தாழ 26 டெசிபல் இருந்தால்கூடப் படம் வந்துவிடும். இது பெரிய சலுகை. ஆனால் அந்த எல்லைக்குக் கீழே ஓரிரு டெசிபல் இறங்கினாலே எல்லாம் போய்விடும். 40 டெசிபல் உள்ள வீட்டிலும் 28 டெசிபல் உள்ள வீட்டிலும் திரையில் தெரிவது ஒரே படம். இரண்டாவது வீடு பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறது என்பதைத் திரை சொல்லாது. ஒரு மழை வந்து சொல்லும்.

மாற்றம் வந்த வழி

மற்ற பல நாடுகளில் இந்த மாற்றம் கோபுரங்களில் நடந்தது. அமெரிக்காவில் முழுத்திறன் நிலையங்கள் 2009 ஜூன் 12 அன்று அனலாக்கை நிறுத்தின. மாற்றிப் பெட்டி வாங்க 40 டாலர் மதிப்புள்ள கூப்பன்களை அரசே வீடுகளுக்கு அனுப்பியிருந்தது. பிரிட்டன் பகுதி பகுதியாக நகர்ந்து 2012 அக்டோபரில் முடித்தது. இந்தியாவில் பெரும்பாலான வீடுகளுக்குப் படம் வந்தது தெருக் கம்பத்தில் ஓடிய கேபிளில். அதனால் இங்கே மாற்றமும் அந்தக் கம்பியிலேயே நடந்தது.

மாற்றத்துக்கு இடப் பற்றாக்குறை ஒரு காரணம். அனலாக்கில் ஒரு சேனலுக்கு 7 மெகாஹெர்ட்ஸ் அகலம் முழுதாக வேண்டும். கம்பி கொள்ளும் 862 மெகாஹெர்ட்ஸ் வரை நிரப்பினாலும் நூற்றுச் சொச்சம் சேனல்களே அடங்கும். டிஜிட்டலில் 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் நொடிக்கு 38 மெகாபிட் வரை அனுப்பலாம். சாதாரணத் தரத்தில் பத்துப் பன்னிரண்டு சேனல்கள் அதில் ஏறிவிடும். எம்பெக்-4 சுருக்கம் வந்தபின் இன்னும் அதிகம். இரண்டாவது காரணம் கணக்கு. அனலாக் கம்பியில் எல்லாச் சேனலும் எல்லா வீட்டுக்கும் போகும். தெருவில் எத்தனை இணைப்பு என்பது கேபிள்காரர் சொல்லும் எண்ணிக்கைதான். கட்டணச் சேனல்காரர்களுக்கும் கேபிள்காரர்களுக்கும் இடையேயான ஓயாத சண்டைக்கு இதுவே காரணமாக இருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணுக்கு மட்டும் சேனலைத் திறந்துவிட முடிந்தால் எண்ணிக்கை தானே வெளிவந்துவிடும். டிஜிட்டலைக் கட்டாயமாக்கிய சட்டம் வந்தது முதன்மையாக இதற்காகத்தான். படத்தின் தெளிவு கூடவே வந்த லாபம்.

இதன் முதல் சோதனைக்களம் சென்னை. 2003 செப்டம்பர் 1 அன்று நிபந்தனை அணுகல் முறை இங்கே நடைமுறைக்கு வந்தது. இலவசச் சேனல்களுக்கு மாதம் 72 ரூபாய், கட்டணச் சேனல் வேண்டுமென்றால் பெட்டி. பெரும்பாலான வீடுகள் பெட்டி வாங்காமலே காலத்தை ஓட்டின. 2011-ல் கேபிள் சட்டம் திருத்தப்பட்டு நாடு நான்கு கட்டமாகப் பிரிக்கப்பட்டது. முதல் கட்டத்தில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31 கெடு. கோவை இடம்பெற்ற இரண்டாம் கட்டத்துக்கு 2013 மார்ச் 31. சென்னையில் வழக்குகளால் கெடு தள்ளிப்போனது. மாநிலம் முழுக்க மாதம் 70 ரூபாய்க்கு அனலாக் இணைப்பு கொடுத்துவந்த அரசு கேபிள் டிவி நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்தது 2017 ஏப்ரலில். கிராமப்புறங்களுக்கான கடைசிக் கட்டக் கெடுவும் பலமுறை நீண்டு அதே ஆண்டு மார்ச் 31-ல் முடிந்தது. ஒளிபரப்புக் கோபுரங்களின் முறை கடைசியாக வந்தது. முக்கிய இடங்களில் உள்ள ஐம்பது அளவிலான அனலாக் நிலையங்கள் தவிர மற்றவை 2022 மார்ச் 31-க்குள் மூடப்படும் என்று தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி அறிவித்தது.

பெட்டி வீட்டுக்குள் வந்ததும்

பழைய டிவியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. எண்ணைப் படமாக்கும் வேலையைப் பெட்டி செய்துவிடுவதால் பிக்சர் டியூப் டிவிக்கும் டிஜிட்டல் இணைப்பு கொடுக்கலாம். பெட்டியின் பின்புறம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று துளைகள் இருக்கும். மஞ்சள் படம், மற்ற இரண்டும் ஒலி. டிவியில் ஒலிக்கு ஒரே துளை இருந்தால் வெள்ளையைச் சொருகினால் போதும். டிவி ரிமோட்டில் ஏவி பொத்தானை அழுத்தினால் படம் வரும். மஞ்சளை வெள்ளைத் துளையில் சொருகிவிட்டு “பெட்டி வேலை செய்யவில்லை” என்று புகார் கொடுப்பது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. படம் வராமல் உறுமல் சத்தம் மட்டும் கேட்டால் முதலில் இதைப் பார்க்க வேண்டும். எல்இடி டிவியில் எச்டிஎம்ஐ துளை இருந்து பெட்டியிலும் அது இருந்தால் அந்த ஒரே கம்பி போதும். ஏவியைவிட அது எப்போதும் நல்லது.

டிஜிட்டல் என்றால் எச்டி என்று நினைத்து ஏமாறுபவர்கள் பலர். சாதாரண டிஜிட்டல் சேனலின் படம் 720-க்கு 576 புள்ளிகள். முழு எச்டி 1920-க்கு 1080. 21 அங்குல டியூப் டிவியில் பளிச்சென்று தெரிந்த சாதாரணச் சேனல் 43 அங்குலத் திரையில் மங்கலாகத்தான் தெரியும். அது கோளாறு அல்ல. முகங்கள் பக்கவாட்டில் அகன்று தெரிந்தால் மட்டும் பெட்டியின் அமைப்புப் பகுதியில் திரை விகிதத்தைச் சரிபார்க்க வேண்டும்: டியூப் டிவிக்கு 4:3, தட்டைத் திரைக்கு 16:9.

சேனல் மாற்றும்போது ஒன்றிரண்டு நொடி கருந்திரை வருவதும் இயல்பே. சுருக்கப்பட்ட படத்தில் எல்லாப் படச் சட்டகங்களும் முழுதாக வருவதில்லை. முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதி மட்டும் அனுப்பப்படும். இடையிடையே வரும் முழுப் படம் ஒன்று கிடைக்கும்வரை பெட்டி காத்திருக்கிறது. சுருக்கவும் விரிக்கவும் ஆகும் நேரத்தால் ஒளிபரப்பே சில நொடி பின்தங்கித்தான் வரும். கிரிக்கெட் ஆட்டத்தில் விக்கெட் விழும் முன்பே பக்கத்து வீட்டில் கூச்சல் கேட்கிறதென்றால் அங்கே வேறு வழியில் படம் வருகிறது என்று அர்த்தம்.

மாற்றத்தில் குடும்பங்களை உண்மையாகச் சுட்டது வேறொன்று. அனலாக்கில் ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டு ஹாலிலும் படுக்கையறையிலும் தனித்தனிச் சேனல் பார்க்க முடிந்தது. இப்போது ஒவ்வொரு டிவிக்கும் தனிப் பெட்டி, தனிக் கட்டணம். ஒரே பெட்டியிலிருந்து இரு டிவிக்கு இழுத்தால் இரண்டிலும் ஒரே சேனல்தான் ஓடும்.

கம்பி

பெட்டி புதிதாக வந்தபோது பெரும்பாலான வீடுகளில் கம்பி மாறவில்லை. அனலாக் காலத்தில் போட்ட வயர், முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றிய இணைப்பு, துருப்பிடித்த ஸ்ப்ளிட்டர் எல்லாம் அப்படியே நிற்க, நுனியில் மட்டும் புதுப்பெட்டி மாட்டப்பட்டது. பெட்டிக் கோளாறு என்று சொல்லி மூன்று முறை பெட்டியை மாற்றிய பிறகும் படம் உடைந்தால், தேட வேண்டிய இடம் கம்பிதான். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வேலையைக் கைப்படச் செய்து பழக வேண்டும் என்றால் அது கம்பியின் நுனியில் மாட்டும் எஃப் கனெக்டரைச் சரியாகப் போடுவது.

வீட்டுக் கேபிளான ஆர்ஜி-6 கம்பியை வெட்டிப் பார்த்தால் நடுவில் ஒரு மில்லிமீட்டர் தடிமனில் தாமிரப் பூச்சுள்ள ஒற்றைக் கம்பி. அதைச் சுற்றி வெள்ளை நுரை. நுரையின் மேல் அலுமினியத் தாள். தாளின் மேல் மெல்லிய கம்பிகளால் பின்னிய வலை. வெளியே கறுப்பு உறை. முதலில் வெளி உறையை ஒன்றேகால் சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுற்றிவர வெட்டி எடுக்க வேண்டும். பிளேடு வலையைத் தொடக் கூடாது. வலைக் கம்பிகளைப் பிரித்துப் பின்புறமாக உறையின் மேல் மடித்துவிட வேண்டும். பிறகு தாளையும் நுரையையும் நுனியிலிருந்து பாதி நீளத்துக்கு வெட்டி, நடுக்கம்பியை வெளியே கொண்டுவர வேண்டும். நடுக்கம்பியில் பிளேடு பட்டு வடு விழுந்தால் பிறகு ஒருநாள் அங்கேதான் ஒடியும். அதில் வெள்ளை நுரையின் மெல்லிய படலம் ஒட்டியிருந்தால் நகத்தால் சுரண்டி எடுக்க வேண்டும். கனெக்டரைச் செருகி அழுத்தும்போது வெள்ளை நுரை கனெக்டரின் உள்மட்டத்தோடு சமமாக நிற்க வேண்டும். நடுக்கம்பி கனெக்டரின் விளிம்பைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் நீட்டினால் போதும். கடைசியாக வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்க்க வேண்டும்: வலையின் ஓர் இழை, முடி அளவில் ஒன்றே ஒன்று, நடுக்கம்பியைத் தொட்டாலும் சிக்னல் அங்கேயே செத்துவிடும். இறுக்கக் கருவி இல்லாமல் பல்லாலும் இடுக்கியாலும் நசுக்கிய கனெக்டர் சில மாதத்தில் தளர்ந்துவிடும். கருவியின் விலையைப் பார்த்துத் தயங்கக் கூடாது.

இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. தளர்ந்த கனெக்டர் வழியே வெளி அலைகள் உள்ளே புகும். தொலைக்காட்சிக் கோபுரங்களுக்கு உரியதாக இருந்த 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் ஒரு பகுதி 2022 ஏலத்தில் 5ஜி சேவைக்கு விற்கப்பட்டது. கேபிள் கம்பிக்குள் அதே அலைவரிசைகளில் இன்னமும் சேனல்கள் ஓடுகின்றன. தாளும் வலையும் சேர்ந்த கவசம் ஒழுங்காக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அறியா. கவசம் விட்டுப்போனால், செல்போனைக் கையில் எடுக்கும்போதெல்லாம் ஒரு சில சேனல்கள் மட்டும் உடைவதைப் பார்க்கலாம்.

மழைக்கும் வழி செய்ய வேண்டும். கம்பி சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன் ஒரு வளைவு கீழே தொங்க வேண்டும். நீர் அந்த வளைவில் சொட்டிப் போய்விடும். வளைவு இல்லாவிட்டால் நீர் கம்பியோடு ஊர்ந்து நேரே ஸ்ப்ளிட்டருக்குள் இறங்கும். ஸ்ப்ளிட்டரின் துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி ஆணியடிக்க வேண்டும். நுரைக்குள் நீர் இறங்கிய கம்பியை உலர்த்த முடியாது. அந்தத் துண்டை வெட்டி எறிய வேண்டும்.

சிக்னல் இழப்பைத் தோராயமாகக் கணக்கிடலாம். ஆர்ஜி-6 கம்பியில் உயர் அலைவரிசையில் 30 மீட்டருக்கு ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். இருவழி ஸ்ப்ளிட்டர் 4 டெசிபல், நான்குவழி 7 டெசிபலுக்கு மேல் தின்னும். பெட்டிக்கு 50 முதல் 65 டெசிபல் மைக்ரோவோல்ட் வந்தால் நிம்மதி. கேபிள்காரரின் அளவி இதைக் காட்டும். பெட்டியின் மெனுவில் உள்ள சிக்னல் பலம், தரம் என்ற இரு கோடுகளும் ஓரளவு காட்டும். இரண்டில் தரம்தான் முக்கியம். பலம் நிறைந்து தரம் குறைந்திருந்தால் இரைச்சலும் சேர்ந்து பெருகுகிறது என்று பொருள். அந்த நிலையில் டிவிக்குப் பக்கத்தில் பூஸ்டர் மாட்டுவது பயனற்றது. தேய்ந்த சிக்னலோடு இரைச்சலையும் அது பெருக்கும். பயன்படாத ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிட்டாலே பல வீடுகளில் பூஸ்டரின் வேலை முடிந்துவிடும்.

கோளாறைக் கண்டுபிடிப்பது

பத்துப் பன்னிரண்டு சேனல்கள் ஒரே அலைவரிசையில் ஏறி வருகின்றன என்பது கோளாறு தேடுபவருக்குக் கிடைத்த நல்ல துப்பு. ஒரு கூட்டமாகச் சில சேனல்கள் மட்டும் உடைந்து மற்றவை நன்றாக இருந்தால், ஓர் அலைவரிசைதான் கெட்டிருக்கிறது. மெனுவில் அந்தச் சேனலின் அலைவரிசை எண்ணைப் பார்க்கலாம். உயர்ந்த அலைவரிசைகள் மட்டும் போனால் கம்பி நீளம், ஸ்ப்ளிட்டர், ஊறிய நுரை ஆகியவற்றின்மேல் சந்தேகப்பட வேண்டும். நீண்ட கம்பியில் முதலில் தேய்வது உயர் அலைவரிசை. தாழ்ந்த அலைவரிசைகள் மட்டும் போனால் நடுக்கம்பி எங்கோ ஒடிந்து அல்லது துருவேறி, மயிரிழை இடைவெளியில் நிற்கிறது. உயர் அலைவரிசை அந்த இடைவெளியைத் தாவிவிடும், தாழ்ந்தது தாவாது.

எல்லாச் சேனலும் ஒரே நேரத்தில் போய் ‘சிக்னல் இல்லை’ என்று வந்தால் முதலில் பக்கத்து வீட்டில் கேட்க வேண்டும். அங்கேயும் இல்லையென்றால் தெருவில் உள்ள சிக்னல் பெருக்கிக்கு மின்சாரம் இல்லை அல்லது ஃபைபர் அறுந்திருக்கிறது. காத்திருப்பதைத் தவிர வழியில்லை. பக்கத்து வீட்டில் படம் இருந்தால் கோளாறு வீட்டுக்கு வரும் கம்பியில். இதை உறுதிசெய்ய, பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்க் கம்பி வீட்டுக்குள் நுழையும் முதல் இடத்தில் மாட்டிப் பார்ப்பதே குறுகிய வழி.

சந்தா இல்லை என்று திரையில் எழுத்து வந்தால் கம்பியைத் தொடவே கூடாது. எழுத்து வருகிறது, மற்ற சேனல்கள் ஓடுகின்றன என்றாலே சிக்னல் நன்றாக வருகிறது என்றுதான் அர்த்தம். பணம் கட்டியபின்னும் திறக்காவிட்டால் பெட்டியை அணைக்காமல் ஒரு சேனலில் அரை மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். அனுமதிச் செய்தி கம்பி வழியாகவே பெட்டியின் எண்ணைத் தேடி வருகிறது; அணைந்திருக்கும் பெட்டி அதை வாங்க முடியாது. பல நாள் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் சேனல்கள் மறுப்பதற்கும் இதுவே காரணம். பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள எண்ணை ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டால் புகார் சொல்லும்போது பாதி வேலை முடிந்தது.

மாதக் கட்டணம்

2019 பிப்ரவரி 1 முதல் சேனலை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கும் முறையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கொண்டுவந்தது. பில்லில் இரண்டு பகுதிகள் உண்டு: வலையமைப்புக் கட்டணம், சேனல்களின் விலை. முதலில் 100 சாதாரணச் சேனல்களுக்கு 130 ரூபாயும் வரியும், ஆக 153 ரூபாய் 40 காசு என்று வரம்பு இருந்தது. 2020-ல் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல் ஆனது. 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பே நீக்கப்பட்டு, கட்டணத்தைச் சேவையாளரே வைக்கலாம் என்றாகிவிட்டது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது பில்லைப் பிரித்துப் படிக்க வேண்டும். யாரும் பார்க்காத சேனல்கள் தொகுப்போடு ஒட்டிக்கொண்டு மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டிருக்கும். வேண்டிய நான்கைந்து கட்டணச் சேனல்களைத் தனித்தனியாக எடுத்தால் என்ன ஆகும், தொகுப்பாக எடுத்தால் என்ன ஆகும் என்று இரண்டையும் எழுதிப் பார்ப்பது அவசியம். சில நேரம் தொகுப்பே மலிவாக இருக்கும்.

மாதச் செலவே வேண்டாம் என்றால் தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. 2004-ல் தொடங்கிய இதற்குத் தட்டும் பெட்டியும் ஒருமுறை வாங்கினால் போதும், சந்தா கிடையாது. கட்டணத் தமிழ்ச் சேனல்கள் அதில் வராது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். தட்டு எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் கனமழையில் சில நிமிடம் படம் போவது இயல்பு. லேசான தூறலுக்கே போனால் தட்டின் குறி விலகியிருக்கிறது. தெளிந்த வானத்தில் தரக் கோடு உச்சத்துக்கு வரும்வரை மெல்லத் திருப்பி மரையை இறுக்க வேண்டும்.

மாடியில் நிற்கும் பழைய ஆன்டெனாக் குழாய் துருவேறி அடிப்பகுதி இற்றுப்போயிருக்கும். அடுத்த புயலுக்கு முன் இறக்கிவிடுவது அக்கம்பக்கத்துக்குப் பாதுகாப்பு. டியூப் டிவியைக் கழிக்கும்போது பழைய இரும்புக்காரரிடம் உடைத்துக் கொடுக்கக் கூடாது. அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. குழாய்க்குள் வெற்றிடம் இருப்பதால் உடைக்கும்போது சில்லுகள் சிதறிப் பாயும். முழுதாகவே மின்னணுக் கழிவு சேகரிப்பவரிடம் அல்லது புது டிவி வாங்கும் கடையில் ஒப்படைக்க வேண்டும்.